சுவரில் ஒட்டாத தாள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் நாலு வரி திட்டி எழுதியிருப்பாய்.

போனில் பேசலாம்தான். உன் தபால் கூடத்தில் வேலை முடியும்வரை போனைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். நீ வெளியே வந்து கூப்பிடும்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். அதுவுமில்லாமல் இப்போது நான் கேட்கப்போவதற்கு உன் பதில் காகிதத்தில் வேண்டும். மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்யப்போகிறேன்.

விஷயம் இதுதான். பல் வைத்தியர் ஒருவர் செத்துப்போய், அவர் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமானோடு சாமானாக ஒரு தகரப் பெட்டியை எடைக்குப் போட்டார்கள். வாங்கிவந்து திறந்தால், உள்ளே நூற்று நாற்பது மடக்குக் கத்திகள்! மான் கொம்புப் பிடி, எலும்புப் பிடி, பித்தளைப் பிடி. ஒரே கத்தியில் நாலு அலகு, ஒரு திருகாணி. மனுஷன் ஆயுசு முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கிக் கத்தி சேர்த்திருக்கிறார். இதைத் தேடித் தேடி வாங்குகிற பைத்தியங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. படம் எடுத்துப் போட்டதுமே ஆள் வருகிறது.

ஆனால் அனுப்புகிற செலவு என்னை உரிக்கிறது. பெட்டி, டேப், பார்சல் கட்டணம் எல்லாம் போனால் என் கையில் மிஞ்சுவது கத்தி துடைத்த துணிதான். உன்னைவிட இதைத் தெரிந்தவர் யார்? எட்டு வருஷமாக அடுத்தவன் தபாலைத்தானே ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டிருக்கிறாய். மலிவாக எப்படிக் கட்டுவது, எப்படி அனுப்புவது, விளக்கமாக எழுது.

என் கவரெல்லாம் உன் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா கை பட்டுப் போகிறது என்று நினைத்தாலே தைரியமாக இருக்கிறது.

கத்தி என்றதும் ஞாபகம் வருகிறதா? சின்ன வயதில் கடையில் ஒரு பேனாக்கத்தியை எடுத்து நான் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டதும், நீ எடுத்ததாகச் சொல்லி அடி வாங்கியதும்? இவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். இவளுக்கு நாலாம் மாதம். வாந்திதான்.

உன் செல்லத் தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கத்தியைப் பற்றி ஒரு பக்கம், கர்ப்பமான பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி. நல்ல புருஷன்தான். அவளைக் கேட்டதாகச் சொல். எலுமிச்சை முகர்ந்தால் கொஞ்சம் அடங்கும்.

அடி வாங்கியது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. சிரிக்கத்தான் மறந்துபோனது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். கத்தியை நன்றாகத் துடைத்து மடக்கு. அலகு உட்காரும் வாய்ப்பக்கத்தில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகு. பிறகு பருத்தி நூலால் மூன்று சுற்று கட்டு. ரப்பர் பேண்ட் போடாதே, பித்தளையில் கறை பிடிக்கும். டேப் பிடியில் படக்கூடாது, பிசின் போகாது. செய்தித்தாளில் சுற்றாதே, எலும்புப் பிடியில் மை ஏறும். ஒரு பக்கம் எழுதி வீணான தாள் போதும், அதுவும் காய்ந்ததாக இருக்க வேண்டும். பெட்டியைக் காசு கொடுத்து வாங்காதே. மருந்துக் கடை வாசலில் தினமும் தூக்கிப் போடுகிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே கத்தி ஆடாமலிருக்கக் கிழித்த அட்டையைத் திணி. ஆட்டிப் பார், சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டு.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்றால், கவுண்டரில் ஒரு தகரப் பலகை இருக்கும். அதில் விரல் அகலம்கூட இல்லாத ஒரு இடுக்கு. உன் கவர் அந்த இடுக்கில் நுழைந்துவிட்டால் கடிதக் கட்டணம். நுழையாவிட்டால் பார்சல், மூன்று மடங்கு. இதற்காகவே உள்ளே இருக்கிற தடித்த அட்டையை உரித்து ஒற்றையாக்கி நுழைக்கிறவர்கள் உண்டு. நுழைந்துவிட்டால் உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தாள் முடிந்துவிட்டது, இன்னொன்று எடுக்கிறேன்.

இடுக்கு இருப்பது நாலு படம், ரெண்டு ரசீது அனுப்புகிறவர்களுக்கு. கத்தியை அதில் நுழைக்காதே. நன்றாகக் கேட்டுக்கொள்: நுழைக்கவே நுழைக்காதே. பார்சல் என்றால் கையால் எடுத்துக் கூடையில் போடுவோம். கடிதம் என்றால் மெஷினுக்குப் போகும். இரண்டு உருளைகளுக்கு நடுவே பிழிந்துகொண்டு ஓடும். அதில் கெட்டியான சாமான் வந்தால் சிக்கிக்கொள்ளும், கவர் கிழியும். சிக்கினால் மெஷினை நிறுத்த வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நிறுத்தினால் எத்தனை நிமிஷம், யாரால் என்று பக்கத்திலேயே ஒரு போர்டில் எழுதுகிறார்கள். போர்டில் மூன்று முறை பேர் வந்தால் வீட்டுக்குப் போகலாம். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. ஓடும்போதே கையை விட்டு எடுக்கிறோம். மூத்திரத்துக்குப் போக நாலு நிமிஷம் கொடுக்கிற இடத்தில் வேறென்ன எதிர்பார்க்கிறாய்?

பழைய கத்தி என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். உருளை அமுக்கினால் திறந்துகொள்ளும். அதனால் கத்தி என்றால் பெட்டி, பார்சல், பின்பக்கம் உன் விலாசம். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று கத்தி ஒரே ஆளுக்குப் போகும்படி விற்கப் பார்.

அன்புடன்,
உன் அக்கா


பிப்ரவரி 21

என் தங்க அக்காவுக்கு,

நீ பெரிய ஆள்! அந்த இடுக்கு விஷயத்தை எத்தனை வருஷமாக மனதுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாய்? மரப்பலகையில் அதே அளவுக்கு ஒரு இடுக்கு வெட்டி மேஜையில் அடித்துவிட்டேன். அட்டையை உரித்து, கத்தியைத் தாளில் சுற்றி, நுழைத்துப் பார்க்க வேண்டியது, நுழைந்தால் தபால் பெட்டியில் போட வேண்டியது. இதுவரை முப்பத்தொரு கத்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவன்கூடக் குறை சொல்லவில்லை. "பேக்கிங் சூப்பர்" என்று எழுதுகிறார்கள். பெருமை உனக்குத்தான்.

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது, நாலு மூலையிலும் டேப் போட்டு. மேஜைக்கு மேலே ஒரு தாளுக்குத்தான் இடம், அதனால் முதல் தாள் மட்டும். முக்கியமானதெல்லாம் அதிலேயே இருக்கிறதே. சுற்றுவதற்கு நீ சொன்னபடி வீணான தாள்தான். இவளுடைய பழைய நோட்டு, கரண்டு ரசீது, கைக்கு எது வருகிறதோ அது. ஒரு துண்டு வீணாவதில்லை.

பின்பக்கம் விலாசம் எழுதவில்லை. எழுதினால் திரும்பி வந்துவிடுமோ என்று இவள் பயப்படுகிறாள். திரும்பி வந்தால் அந்தக் கட்டணத்தையும் நம் தலையில் கட்டுவார்களாமே?

ஒரு மான் கொம்புப் பிடிக் கத்தி நேற்றுத்தான் போட்டேன். மொத்தப் பெட்டியிலும் அதுதான் ராஜா. ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் லொடலொட. வாங்குகிறவர் பழுது பார்த்துக்கொள்வாராம். உன் கையைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்து வை!

உன் செல்லத் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு தாளுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

உன் ராஜாவைப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, பகல் பதினொரு மணி. மெஷின் முக்கியது. நான் எப்போதும் போல் கையை விட்டேன். கவரைப் பிடித்து இழுத்தபோது முதலில் வலிக்கவில்லை, சூடாகத்தான் இருந்தது. பக்கத்து மெஷின்காரி "கைய எடுடீ, கைய எடுடீ"ன்னு கத்துகிறாள். கை வெளியே வந்துவிட்டது, விரல் மட்டும் நான் சொன்னபடி வரவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். தோலைத் தைத்துவிட்டார்கள். உள்ளே நரம்பு மாதிரி ஒன்று, தசைநார் என்றார்கள், இரண்டு விரலிலும் அறுந்துபோயிருக்கிறது. இரண்டையும் மடக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். முதலில் மெஷினைப் பார்த்தார், அப்புறம் போர்டைப் பார்த்தார், அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார். கவரைத் தூக்கிக் காட்டி, "இது யாருதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டார். பின்பக்கம் விலாசம் இல்லை. முன்பக்கம் உன் எழுத்து. 'க'வுக்கு ஒரு வால் போடுவாயே, அந்த வால். மூன்று சுற்று பழுப்பு டேப்.

"தெரியாது சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. சின்ன வயதில் அந்தக் கடைக்காரரிடம் சொன்னது போலவே வாய் தானாகச் சொன்னது.

உன் 21-ஆம் தேதிக் கடிதம் இதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. ஊழியர் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். பேக்கிங் சூப்பர்.

இரண்டாவது தாளைப் படித்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. இன்றைக்கே அந்தப் பலகையை உடைத்துப்போடு. என்னோடு நிற்கிறவள் இரண்டு பிள்ளைக்காரி. பெண்டாட்டியிடம் இதைச் சொல்லாதே, இந்தச் சமயத்தில் பயப்படக்கூடாது.

உன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். சாப்பிடவில்லை. இவள் என்ன என்ன என்று துளைத்தெடுத்தாள். அப்புறம் சொல்லிவிட்டேன், என்னால் மறைக்க முடியாது என்று உனக்குத் தெரியாதா? அவளும் அழுதாள். "அக்கா நம்மளக் காட்டிக்குடுக்கல பாருங்க, தெய்வம்"னாள். அதுதான் அக்கா நீ.

இரண்டாவது தாளைப் படித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நீ எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பயமுறுத்துவாயே, அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். முப்பத்தொன்று ஒழுங்காகப் போன பிறகு முப்பத்திரண்டாவது இப்படிச் செய்யும் என்று யார் கண்டார்கள்? நேரம்தான்.

பலகையை உடைக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த கத்திகளை இனி அதில் நுழைக்கமாட்டேன். சத்தியம்.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்காதே. அந்த மான் கொம்பு என்ன ஆனது? வாங்கியவர் தினமும் கேட்கிறார். பிடியில் விரிசல் விழுந்துவிட்டதா? ரத்தம் பட்டால் உடனே துடைக்க வேண்டும், விட்டால் கொம்பில் ஊறிவிடும். உங்கள் ஆபீஸில் யாரிடமாவது சொல்லி வை. நீ கேட்டால் சந்தேகம் வருமென்றால் வேண்டாம்.

உன் விரலுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் மான் கொம்பு பத்திரமாக இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, பீரோவில் பூட்டியிருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் எழுதுவதை இரண்டு முறை படி.

கவர் போய்ச் சேர வேண்டிய ஆளைப் பிடித்து விசாரித்துவிட்டார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டார். இந்த வாரம் உனக்கு நோட்டீஸ் வரும். நம் இருவருக்கும் என்ன உறவு என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.

வைத்தியர் சொன்னது: அறுந்த நாரை ஆறு வாரத்துக்குள் இழுத்துத் தைத்தால் விரல் மடங்கும். தள்ளிப்போனால் சுருங்கிவிடும், அப்புறம் யார் வந்தாலும் ஆகாது. ஏப்ரல் ஐந்தோடு ஆறு வாரம் முடிகிறது. அந்த ஆபரேஷனுக்கு என் கையில் காசில்லை, நிர்வாகம்தான் செலவு செய்ய வேண்டும். 'உன் தப்பு இல்லை என்று தெரிந்தால் செய்வோம்' என்கிறார்கள். மெஷினை நிறுத்தாமல் கையை விட்டது என் தப்பாம். நிறுத்தினால் போர்டில் எழுதுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். 'கட்டியது நான். கத்தியைக் கடிதமாக அனுப்பாதே என்று என் அக்கா எழுதியிருந்தாள். அவள் பேச்சை மீறி நான்தான் அனுப்பினேன்.' இந்த மூன்று வரி, கீழே உன் கையெழுத்து. கூடவே என் இரண்டாவது தாள். உனக்கு அபராதம் போடுவார்கள், கொஞ்ச நாள் உன் தபாலை வாங்கமாட்டார்கள். அவ்வளவுதான். சிறை கிடையாது, விசாரித்துவிட்டேன். மறைத்ததற்கு எனக்கும் திட்டு விழும், விழட்டும்.

அன்றைக்கு 'தெரியாது' என்றது உனக்காகத்தான். அதற்குப் பதில் இது. இத்தனை வயதுக்கு முதல்முறையாக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உடனே அனுப்பு. தயவுசெய்து பதிவுத் தபாலில் அனுப்பு, அதில் மிச்சம் பிடிக்காதே.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

நோட்டீஸ் வந்தது. நாலு பக்கம், எல்லாம் சட்டம். இவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இவள் அண்ணன், நோட்டரி வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாரே அந்த மச்சான், ஓடி வந்தார். "மாப்ள, நீங்களா எதையும் எழுதிக் குடுத்துராதீங்க. எழுதினா எழுதினதுதான்"னார். உன் மூன்று வரியைக் காட்டினேன். "இது உங்க கழுத்துக்கு நீங்களே போட்டுக்கிற சுருக்கு"னு சொல்லிவிட்டார்.

அக்கா, என் நிலைமையையும் யோசித்துப் பார். இன்னும் நூறு கத்தி இருக்கிறது. தபாலை நிறுத்திவிட்டால் நான் அதை வைத்து என்ன காய்கறியா நறுக்குவது? குழந்தை வேறு வரப்போகிறது. எனக்கென்று ஒரு குடும்பம் ஆகிவிட்டது. நீ ஒண்டிக்கட்டை. உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள், உனக்கு என்ன பெரிய செலவு? எதையும் தாங்குவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதனால் மச்சான் சொன்னபடி செய்தேன். 'எனக்குத் தபால் விதி ஒன்றும் தெரியாது, உங்கள் ஊழியர் ஒருவர் எழுதித் தந்தபடிதான் செய்தேன்' என்று பதில் போட்டு, ஆதாரத்துக்கு சுவரிலிருந்த தாளைப் பிரித்துக் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்லவே இல்லை. தாளிலும் உன் பெயர் கிடையாது, 'தம்பிக்கு' என்றுதான் இருக்கிறது. அந்தக் கூடத்தில் தம்பி உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கவலைப்படாதே.

இரண்டாவது தாள் என்னிடம் இல்லை. சத்தியமாக மறைக்கவில்லை. அதில் பின்பக்கம் காலியாக இருந்தது, நல்ல கெட்டித் தாள் வேறு. ஏதோ ஒரு கத்தியைச் சுற்றிவிட்டேன். எதை என்று ஞாபகம் இல்லை. நீதானே சொன்னாய், ஒரு பக்கம் எழுதிய தாளை வீணாக்காதே என்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

இன்றோடு ஆறு வாரம் முடிகிறது. அதனால் அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

முந்தாநாள் விசாரணை. நீள மேஜை, மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் முதல் தாளை எடுத்து வைத்தார். நாலு மூலையிலும் டேப் பிய்ந்த தழும்பு.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"உரிச்சு ஒத்தை ஆக்கி நுழைக்கலாம்னு எழுதியிருக்கீங்க. நுழைஞ்சா யாரும் கேக்க மாட்டாங்கன்னும் எழுதியிருக்கீங்க."

"அடுத்த தாள்ல வேண்டாம்னு எழுதியிருக்கேன் சார்."

"அடுத்த தாள் எங்க?"

"தம்பிகிட்ட இருந்துச்சு."

"அனுப்பினவரு உங்க தம்பின்னு இப்பதான் சொல்றீங்க. அன்னைக்கு யாருதுன்னு கேட்டப்ப தெரியாதுன்னீங்க."

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். உன் ராஜா, கிழிந்த கவர், ஒற்றை அட்டை, கத்தியைச் சுற்றியிருந்த ஒரு தாள்.

எந்தக் கத்தி என்று ஞாபகம் இல்லை என்றாயே. எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலாக மடித்துச் சுற்றியிருக்கிறாய். அழகாகத்தான் சுற்றியிருக்கிறாய், நான் சொல்லிக் கொடுத்தபடியே. முழுக்கப் பழுப்பாகி, மொறமொறவென்று காய்ந்து, பிரித்தபோது மடிப்பில் உடைந்தது. 'நுழைக்கவே நுழைக்காதே' என்று நான் எழுதிய இடத்தில்தான் என் ரத்தம் கெட்டியாக உறைந்திருக்கிறது. ஒரு எழுத்து தெரியவில்லை. அடி மூலை ஒன்றில் மட்டும் ரத்தம் படவில்லை. அதில் இருந்தது: 'அன்புடன், உன் அக்கா.'

"இதுவும் உங்க எழுத்துதானே?"

"ஆமா. இதுதான் சார் அந்தத் தாள். வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். "என்னத்தம்மா படிக்கிறது? கத்தியச் சுத்தின காகிதம் உங்களுது, எழுத்து உங்களுது, கையெழுத்தும் உங்களுது. கட்டினதே நீங்கதான்னு நான் எழுதலாம். போனாப் போகுதுன்னு விடறேன்."

போனால் போகிறது என்று விட்டது அது ஒன்றைத்தான். வேலை போனது. ஆபரேஷன் கிடையாது. விடுதியை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வெளியே வந்தால் சூப்பர்வைசர் நிற்கிறார். "உன் எடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, கைய எப்படி விடணும்னு ஒரு நாள் சொல்லிக் குடுத்துட்டுப் போறியா?"ன்னு கேட்கிறார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

விரல் இரண்டும் நேராக நிற்கின்றன. யாருக்கோ வழி காட்டுவதுபோல.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். 'தெரியாது சார்' என்று சொன்னது என் வாய்தான். உனக்கு இந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டவள் நான். கடைக்காரர் அன்றைக்கு என்னை அடித்துக்கொண்டிருந்தபோது நீ தூணுக்குப் பின்னால் நின்று கத்தியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். இப்படி ஆகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. மச்சானும் வருத்தப்பட்டார். உன் தாளே அந்தக் கத்திக்குப் போனதைக் கேட்டு இவள், "விதியப் பாருங்க"ன்னாள். விதி என்பதைத் தவிர என்ன சொல்ல?

என் பக்கம் முடிந்துவிட்டது. ஊழியரின் தவறான ஆலோசனை என்று எழுதி, எச்சரித்து விட்டுவிட்டார்கள். அபராதம்கூட இல்லை. இனி எல்லாம் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு நல்ல விஷயம். வியாபாரம் பிடித்துவிட்டது அக்கா. அந்தக் கத்தி வழக்கில் சிக்கியது என்று கேள்விப்பட்டு, அதைக் கேட்டு ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். கதை உள்ள கத்திக்கு விலை அதிகமாம்! ஃபைலை மூடியதும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பெட்டி கத்தி வேறு இடத்தில் பேசி வைத்திருக்கிறேன். என்னால் தனியாகக் கட்டி மாளாது. இவளால் குனிய முடியாது.

நீ வந்துவிடேன். பின்னால் ஸ்டோர் ரூம் இருக்கிறது, ஜன்னல் இல்லாவிட்டாலும் மின்விசிறி மாட்டிவிடலாம். ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்று போட்டுத் தருகிறேன், அந்நியரிடம் கொடுப்பதை உனக்குக் கொடுத்தால் என்ன? நூல் கட்ட ஒரு கை நன்றாக இருந்தால் போதும், இன்னொன்று அமுக்கிப் பிடித்துக்கொள்ளத்தானே. அதற்கு நேராக நிற்கிற விரல்தான் வசதி! உன் இடது கை எழுத்துகூடப் போன கடிதத்தில் எவ்வளவு திருந்திவிட்டது, பார்த்தாயா? குழந்தை வந்ததும் அத்தை என்று உன் காலைச் சுற்றி வரும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்.

உன் செல்லத் தம்பி


ஏப்ரல் 20

முதலாளி அவர்களுக்கு,

தங்கள் 14-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. வேறு நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். விடுதியில் இன்னும் பத்து நாள் இருக்க முடியும். ஆகவே தாங்கள் சொன்ன வேலைக்கு வருகிறேன். முப்பதாம் தேதி காலை வந்து சேருவேன். அழைத்துப்போக யாரும் வர வேண்டாம்.

வருமுன் சில விஷயங்கள். மேஜையில் அடித்திருக்கும் பலகையைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன். நான் கட்டுகிற ஒரு கத்தியும் கடிதமாகப் போகாது. தடித்த அட்டைப் பெட்டி, நூல், உள்ளே திணிப்பு, பார்சல் கட்டணம், பின்பக்கம் தங்கள் பெயரும் விலாசமும். அந்தப் பக்கம் என் இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள். அவள் எனக்கு உறவில்லை. அதனால் அவளுக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்காது, அவள் கை அறுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு கையால் கட்டுவதால் ஒரு பொட்டலத்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆகிறது. விடுதியில் ஒரு கரண்டியை வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நிமிடத்தைப் போர்டில் எழுதிக்கொள்வது தங்கள் இஷ்டம்.

அந்த மான் கொம்புக் கத்தியைக் கட்டி அனுப்பும் நாளில் எனக்கு விடுமுறை வேண்டும்.

நான் தங்களை முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். தாங்களும் என்னை முறை சொல்லிக் கூப்பிட வேண்டாம். முறை சொன்னால் வாய் தானாகப் பொய் சொல்கிறது. தங்கள் மனைவியை அம்மா என்பேன். குழந்தை பிறந்து, பேச ஆரம்பித்து, நான் யார் என்று கேட்டால், வேலைக்கு இருக்கிற பொம்பளை என்று சொல்லிக்கொடுங்கள். அத்தை என்று சொல்லிக்கொடுத்தால் அது என்னை நம்பும். அந்தப் பழக்கம் அதற்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன். தாள் முடிந்துவிட்டது. இன்னொன்று எடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
பொட்டலம் கட்டும் ஆள்